பூலாம்பாடிப் பூமருதைத் தேடி

அரியலூரில் இறங்கிய மறுநாள் காலையிலேயே நான் வெளியூர்க்காரன் என்பது தெரிந்துபோயிற்று. பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த உணவகத்தில் இட்லி சாப்பிட்டு முடித்திருந்தேன். ஒருவர் வந்து என் மேசையில் இடம் இருக்கிறதா என்று கேட்டார்.

"உட்காருங்க. நான் பசியாறிட்டேன்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பசியாறிட்டீங்களா? எந்த ஊருங்க நீங்க?"

"மலேசியா. ஈப்போ."

"அதானே பார்த்தேன். இங்கல்லாம் சாப்ட்டேன்னுதான் சொல்வோம். பசி ஆறுச்சா இல்லியான்னு யாரும் கேக்க மாட்டாங்க."

எங்கள் ஊரில் காலைச் சாப்பாட்டுக்கு அதுதான் சொல். பசியாறியாச்சா என்று கேட்டுத்தான் நாளே தொடங்கும். அந்தச் சொல்லை நான் யாரிடமாவது சொல்லிப் பல மாதங்கள் ஆகியிருந்தன என்பது விடுதி அறைக்குத் திரும்பி நடக்கும்போதுதான் உறைத்தது.

வந்த வேலை ஒரு சிமென்ட் ஆலையில். எங்கள் நிறுவனம் விற்ற பெரிய காற்றாடி ஒன்று அதிரத் தொடங்கியிருந்தது. அதைப் பிரித்து, தேய்ந்த பேரிங்கை மாற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும். பிரித்தாயிற்று. புது பேரிங் இன்னும் கப்பலை விட்டு இறங்கவில்லை. "ஒரு வாரம் ஆவும் போல சார். ரூம்ல ரெஸ்ட் எடுங்க, இல்லன்னா ஊரச் சுத்திப் பாருங்க" என்றார் ஆலைப் பொறியாளர்.

விடுதி சன்னலுக்கு வெளியே சுண்ணாம்புக்கல் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. அவை கிளப்பும் வெள்ளைத் தூசி எதிர்க்கடைப் பலகையிலும் வேப்பிலையிலும் படிந்திருந்தது. அரை நாள் பார்த்தேன். பிறகு கைப்பேசியை எடுத்தேன். விரல் தானாக ஒரு பழைய செயலியைத் திறந்தது.

அந்த விளையாட்டுக்கு ஜியோகேச்சிங் என்று பெயர். யாரோ ஒருவர் ஒரு சின்னப் பெட்டியை எங்காவது மறைத்து வைத்து, அது இருக்கும் இடத்தைச் செயலியின் வரைபடத்தில் குறித்துவிடுவார். தேடிப் போகிறவர்கள் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் சீட்டில் பெயரெழுதி, பெட்டியை எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும். பெட்டியில் சின்னச் சின்ன விளையாட்டுச் சாமான்கள் இருக்கும்; ஒன்றை எடுத்தால் ஒன்றை வைக்க வேண்டும். பிள்ளைகளோடு போவதற்காகவே உண்டான விளையாட்டு. ஈப்போவில் நாங்கள் மூன்று பேரும் ஞாயிறுதோறும் ஆடினோம். செயலியில் எங்கள் கணக்குக்குப் பெயர் வைத்தவள் என் மகள். மூன்று முயல்கள். அப்போது அவளுக்கு ஏழு வயது. இப்போது பதினைந்து, அம்மாவோடு ஜொகூரில் இருக்கிறாள். மணவிலக்கின்போது வீட்டிலிருந்த எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டோம். இந்தக் கணக்கு யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. அது என் கைப்பேசியிலேயே தங்கிவிட்டது.

வரைபடத்தில் இந்தப் பக்கம் காலியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். நான்கு புள்ளிகள் தெரிந்தன. அரியலூரில் ஒன்று, கங்கைகொண்ட சோழபுரத்தில் ஒன்று, வாலிகண்டபுரம் சாலையில் ஒன்று, பெரம்பலூருக்கு அப்பால் பூலாம்பாடியில் ஒன்று. தலைப்பு: பூ பார்க்க வாங்க. கீழே தமிழில் எழுதியிருந்தது: "நாலு மரம், நாலு பெட்டி. மே மாதம் வந்தால் நாலும் பூத்திருக்கும். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்." வைத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒருவரும் கண்டுபிடித்ததாகப் பதிவு இல்லை.

வெயில் தாழ்ந்ததும் கிளம்பினேன்.

முதல் மரம் ரயில் நிலையப் பக்கம், ஒரு காலி மனையின் வேலியோரம். சரக்கொன்றை. இலையே தெரியாமல் மஞ்சளாகத் தொங்கியது. இத்தனை தூசிக்கு நடுவே அது மட்டும் எப்படி அலம்பி வைத்த மாதிரி இருக்கிறது என்று சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் ஊரில் தெக்கோமா மரங்கள் இளஞ்சிவப்பாகப் பூக்கும். மறுநாளே ஒரு மழை வந்து அத்தனையையும் சாலையில் கொட்டிவிட்டுப் போய்விடும். இங்கே மழை கிடையாது. பூக்கள் மரத்திலேயே நிதானமாக இருந்தன.

நான் மரத்தைச் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்து, ஆடு ஓட்டிக்கொண்டு போன ஓர் அம்மாள் நின்றார்.

"என்ன தொலைச்சீங்க?"

"ஒண்ணுமில்லீங்க. ஒரு டப்பா."

"வூட்ல சோறு கட்டிக் குடுத்தாங்களே அந்த டப்பாவா?"

"இல்லீங்க. வேற யாரோ வெச்ச டப்பா."

"யாரோ வெச்சதுக்கு நீங்க ஏன் வெயில்ல காயறீங்க" என்றார். பதிலுக்குக் காத்திருக்காமல் ஆடுகளோடு போய்விட்டார்.

டப்பா கிளைக்கவட்டையில் இருந்தது. பச்சைச் சாயம் அடித்த பிளாஸ்டிக் டப்பா. உள்ளே இரண்டு கோலிக்குண்டு, ஒரு வளையல், பெயரெழுதும் சீட்டு, மெழுகு வண்ணத்தில் மரம் வரைந்த ஓர் அட்டை. அட்டையின் பின்புறம் குழந்தைக் கையெழுத்து: "இது சரக்கொன்றை. இதோட காய் நீளமா இருக்கும். காஞ்ச காயை ஆட்டினா கிலுகிலுன்னு சத்தம் வரும்." கீழே கிடந்த ஒரு காயை எடுத்து ஆட்டிப் பார்த்தேன். வந்தது. மறுபடி ஆட்டினேன். சாலையில் போன ஒருவர் திரும்பிப் பார்த்ததும் கீழே போட்டேன்.

சீட்டு வெறுமையாக இருந்தது. முதல் வரியில் பழக்கப்படி மூன்று முயல்கள் என்று எழுதினேன். என் சாவிக்கொத்திலிருந்த சிறிய ஆமை பொம்மையைக் கழற்றி வைத்துவிட்டு, செயலியிலும் பதிந்தேன்.

மறுநாள் கங்கைகொண்ட சோழபுரம். ஜெயங்கொண்டம் வரை ஒரு பஸ், அங்கிருந்து டவுன் பஸ். டவுன் பஸ் முந்திரித் தோப்புகளுக்கு நடுவே பஞ்சராகி நின்றது. எல்லாரும் இறங்கி நிழலில் ஒதுங்கினோம். இறங்கியதும் அத்தனை பேரும் யாரிடமாவது போனில் பேசினார்கள்.

"பஸ்ஸு பஞ்சராயிட்டு. லேட்டாவும். நீ மாட்டப் புடிச்சுக் கட்டு."

"சோத்த வடிச்சு வெச்சுடு. கொழம்பு நான் வந்து வெச்சுக்கறேன்."

"இல்லம்மா, அடியெல்லாம் ஒண்ணும் படல. டயருக்குத்தான்."

நானும் கைப்பேசியை எடுத்தேன். நேரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பப் பைக்குள் வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் மடியிலிருந்து ஒரு முந்திரிப்பழத்தை எடுத்து நீட்டினார். கடித்தேன். சாறு சட்டையில் வழிந்தது, தொண்டை கரகரத்தது. "உப்பு தொட்டுத் தின்னிருக்கணும். சொல்றதுக்குள்ள கடிச்சுட்டீங்க" என்று அவர் சிரித்தார். இறங்கும்வரை இருமிக்கொண்டே போனேன்.

கோயிலைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அதன் முன் நிற்கும் யாருக்கும் தாம் சின்னவர் என்று தோன்றிவிடும். புல்வெளியில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். தனியாக நிற்கும் ஆள் என்பதால் எல்லாரும் என்னிடம்தான் கைப்பேசியைக் கொடுத்தார்கள். "சார், ஒரு போட்டோ எடுத்துத் தரீங்களா?" ஒரு குடும்பத்தை எடுத்து முடித்தால் அடுத்த குடும்பம். ஒரு பாட்டியைச் சிரிக்க வைக்க நான் முயல் மாதிரி மூக்கை ஆட்டிக் காட்ட வேண்டியிருந்தது. அவர் சிரிக்கவில்லை, பேரப்பிள்ளைகள் சிரித்தார்கள்.

மரம் கோயிலுக்கு வெளியே, பஸ் நிற்கும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி இருந்தது. மேமாதப் பூ என்று இங்கே சொல்கிறார்கள். உச்சி முழுதும் சிவப்பு. டப்பா அடிமரத்துச் சந்தில், ஓட்டுச்சில்லுக்குப் பின்னால் செருகியிருந்தது. அட்டையில்: "இது ரொம்ப தூரத்துலேர்ந்து கப்பல்ல வந்த மரம். எங்க அப்பாவும் ரொம்ப தூரம் போவாரு."

அதைப் படித்துவிட்டு உடனே டப்பாவை மூட முடியவில்லை. எதிரே இருந்த கடையில் ஒரு டீ வாங்கிக் குடித்துவிட்டு வந்துதான் மூடினேன்.

அன்று மாலை செயலியில் ஒரு செய்தி வந்திருந்தது.

"மூன்று முயல்களுக்கு வணக்கம். நான் சுகந்தி. பெட்டி வெச்ச யாழினியோட அம்மா. ரெண்டு வருஷமா யாரும் வரலை. உங்க பேரப் பாத்துட்டு பாப்பா குதிச்சுட்டா. உங்களுக்கு எத்தனை குழந்தைங்க? பூலாம்பாடி எங்க ஊருதான். ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட வந்தீங்கன்னா நாங்களும் மரத்துக்கு வரோம். மத்தியானச் சாப்பாடு எங்களோடது."

நான் மட்டும்தான் வந்திருக்கிறேன் என்று தட்டச்சு செய்தேன். அழித்தேன். பிறகு இப்படி அனுப்பினேன்: "ஒரு மகள். ஞாயிறு வருகிறோம்."

மகள் உண்மை. மற்றதில் தப்பு கடைசி இரண்டு எழுத்தில்தான். றேன் இருக்க வேண்டிய இடத்தில் றோம். இரண்டு வருடம் காத்திருந்த குழந்தையிடம், உன்னைத் தேடி ஒற்றை ஆள்தான் வந்திருக்கிறான் என்று எப்படிச் சொல்வது என்று எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்தச் சொல்லை எழுதுவது சுகமாக இருந்தது. அனுப்பிய பிறகும் அதை இரண்டு முறை படித்தேன்.

சனிக்கிழமை வாலிகண்டபுரம். பெரம்பலூரில் நான் ஏறிய பஸ் அங்கே நிற்காத பஸ். கண்டக்டர் டிக்கெட் கிழிக்க வந்தபோதுதான் அது தெரிந்தது. "எங்க ஏறி எங்க எறங்கறதுன்னு கேட்டுட்டு ஏற மாட்டீங்களா?" என்று கடிந்துகொண்டே டோல்கேட் அருகில் இறக்கிவிட்டார். அங்கிருந்து வெங்காய மூட்டைகளோடு வந்த ஒரு ஆட்டோவில் மூட்டைமேல் உட்கார்ந்து திரும்பினேன். ஓட்டுநர் வழியெல்லாம் மலேசியாவில் சின்ன வெங்காயம் விளையுமா என்று விசாரித்தார். விளையாது, இங்கிருந்துதான் வருகிறது என்றதும் அவருக்கு அதில் தனிப்பட்ட பெருமை உண்டாயிற்று.

வரைபடம் காட்டிய இடத்தில் மரம் இல்லை. அகலமான அடிக்கட்டை ஒன்று இருந்தது. வெட்டுப்பரப்பில் பிசின் கசிந்து காய்ந்திருந்தது. அருகில் கம்பிகளும் ஜல்லிக்குவியலும்.

"இங்க ஒரு பூ மரம் இருந்துச்சே?" என்று எதிர்ப்புற டீக்கடைக்காரரிடம் கேட்டேன்.

"இயல்வாகையா? போன மாசமே வெட்டியாச்சு. சர்வீஸ் ரோடு போடறாங்க. வெட்டுன அன்னிக்கு ரோடே மஞ்சளாக் கெடந்துச்சு. வண்டியெல்லாம் அது மேலதான் போச்சு."

"அதுல ஒரு டப்பா இருந்துச்சுங்களா?"

"டப்பா எதையும் பாக்கலியே" என்று சொல்லிவிட்டு, கடையை விட்டு வெளியே வந்து எனக்காகக் கட்டையைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். ஒன்றும் இல்லை.

வாலிகண்டபுரம் சிவன் கோயிலுக்குள் போய் ஒரு தூண் நிழலில் உட்கார்ந்தேன். கல் குளிர்ச்சியாக இருந்தது. தூங்கிவிட்டிருக்கிறேன். யாரோ தோளைத் தொட்டார். கோயில் காவலாளி.

"நடை சாத்தணும்ங்க. எழுந்திரிங்க. கூட வந்தவங்கல்லாம் எங்க?"

"யாரும் வரலைங்க."

"தனியாவா வந்தீங்க?" என்று வளாகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார். யாராவது இருப்பார்கள் என்றே அவர் நம்பினார் போலும்.

மரம் வெட்டப்பட்டதைச் சுகந்திக்கு எழுதினேன். உடனே பதில் வந்தது. "எங்களுக்குத் தெரியாது சார். பாப்பாகிட்ட இப்பச் சொல்லல. நாளைக்கு உங்க பொண்ணப் பாத்தா அந்த சந்தோஷத்துல மறந்துடுவா, அப்பறமா சொல்லிக்கறேன். உங்க பொண்ணுக்குன்னு மணி கோத்து வெச்சிருக்கா."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பெரம்பலூர் பஸ் வந்தது. ஏறிக்கொண்டேன்.

ஞாயிறு காலை பெரம்பலூர்க் கடைத்தெருவில் வண்ணப் பென்சில் பெட்டி ஒன்று வாங்கினேன். பூலாம்பாடி பஸ்ஸில் சன்னலோரம் கிடைத்தது. வயல்களின் ஓரத்தில் வெங்காயம் சேமித்து வைக்கும் ஓலைப் பட்டறைகள் நீளநீளமாக நின்றன. தூரத்தில் பச்சைமலை கூடவே வந்தது. வழியெல்லாம் ஒரு வாக்கியத்தை மனதுக்குள் திருத்தித் திருத்திச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். எப்படித் தொடங்கினாலும் நடுவில் சிக்கிக்கொண்டது.

ஊருக்குச் சற்று முன்னால், ஏரிக்கரைச் சரிவில் அந்த மரம் நின்றது. பூமருது. ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்த ஒரு நிறம்; அதற்குத் தமிழில் தனிப்பெயர் இருக்கிறதா என்று தெரியவில்லை. மரத்தடியில் ஒரு பாய் விரித்திருந்தது. நாலைந்து தூக்குப் பாத்திரங்கள், தண்ணீர்க் குடம். ஒரு பெண்ணும் எட்டு ஒன்பது வயதுச் சிறுமியும் எழுந்து நின்றார்கள். நான் இறங்கினேன்.

"மூன்று முயல்களா?" என்றாள் சிறுமி.

"ஆமாம்மா."

அவள் என்னைத் தாண்டி பஸ்ஸின் பின்படியைப் பார்த்தாள். ஒரு கிழவர் கோழிக்கூடையோடு இறங்கினார். பஸ் கிளம்பிப் போயிற்று. அவள் இன்னும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் பாசிமணி கோத்த ஒரு கைவளை.

"மத்தவங்க பின்னாடி வராங்களா சார்?" என்றார் சுகந்தி.

"இல்லீங்க. நான் மட்டும்தான்."

"ஏன், பொண்ணுக்கு ஒடம்பு முடியலையா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கு எல்லாம் சுமுகமாகப் போயிருக்கும். வழியை அவரே காட்டியிருந்தார். சிறுமி என் முகத்தைப் பார்த்தாள்.

"அவங்க யாரும் இந்தியாவுக்கே வரலைங்க. என் மனைவியும் நானும் பிரிஞ்சுட்டோம். மகள் அவங்ககூட இருக்கா. அந்தப் பேரு அப்ப வெச்ச பேரு. நீங்க கேட்டப்பவே நான் சொல்லியிருக்கணும்."

சுகந்தி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். பேசியபோது குரல் உயரவில்லை.

"குடும்பமா வரீங்கன்னுதான் சார் நான் வந்தேன். எங்க வூட்டுக்காரரு சிங்கப்பூர்ல இருக்காரு. இது சின்ன ஊரு. இ-சேவை ஆபீஸ்ல வேலை பாக்கறேன், என்னைத் தெரியாதவங்க இங்க யாருமில்ல. முன்னப்பின்ன தெரியாத ஆம்பளைக்கு மரத்தடில சோறு போட்டேன்னு நாளைக்கே பேசுவாங்க. நீங்க ஒரு வார்த்தைய மாத்தி எழுதுனீங்க. அது உங்களுக்குச் சும்மா. எனக்கு அப்படி இல்ல."

நான் அதை நினைக்கவே இல்லை. ஏமாறப்போகிற குழந்தையைப் பற்றி நினைத்தேன், என்னைப் பற்றி நினைத்தேன். இவரைப் பற்றி ஒரு கணமும் நினைக்கவில்லை.

"மன்னிச்சுக்குங்க. நான் கிளம்பறேன்."

"அடுத்த பஸ்ஸு சாயங்காலந்தான்."

"ஊருக்குள்ள நடந்து போய் நிக்கறேன்."

வண்ணப் பென்சில் பெட்டியைப் பாயின் ஓரத்தில் வைத்துவிட்டு நடந்தேன். வெயில் தார்ச்சாலையிலிருந்து முகத்தில் அடித்தது. பின்னால் சிறுமியின் குரல் கேட்டது. "அம்மா, அவங்க பெட்டியத் தேடவே இல்லியே."

கொஞ்ச தூரம் போயிருப்பேன். "சார்" என்று சுகந்தி கூப்பிட்டார். கையில் கைப்பேசியைப் பிடித்திருந்தார். "அவரு உங்ககிட்டப் பேசணுங்கறாரு."

திரும்பி வந்து வாங்கினேன். திரையில் ஒல்லியான ஒரு மனிதர், பூங்கா இருக்கை ஒன்றில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு சாப்பாட்டுப் பொட்டலம். சுகந்தியின் கணவர் குமரேசன்.

"எந்த ஊருங்க?"

"ஈப்போ."

"அட, பஸ் ஏறினா வந்துடற தூரம். இங்கதான் நானும் இந்த விளையாட்டக் கத்துக்கிட்டேன். ஞாயித்துக்கிழமைன்னா இந்தப் பார்க்லதான் படுத்துக் கெடப்பேன். ஒரு நாள் மரத்தடில ஒரு வெள்ளக்காரக் குடும்பம் டப்பா எடுத்துச்சு. என்னான்னு கேட்டேன், சொல்லிக் குடுத்தாங்க. லீவுல வந்தப்ப பாப்பாவோட சேந்து நாலு டப்பா வெச்சேன்." நிறுத்தினார். "சுகந்தி சொன்னா. தப்பா எழுதிட்டீங்க சார்."

"ஆமாங்க. தப்புதான்."

"உங்க பொண்ணுகிட்ட எப்பக் கடைசியாப் பேசுனீங்க?"

"பேசலைங்க. சித்திரைப் பொறப்புக்கு வாழ்த்து அனுப்பினேன். படிச்சிருக்கா. பதில் போடலை."

அவர் பொட்டலத்தின் ரப்பர் வளையத்தை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு சத்தமாகச் சொன்னார், எனக்குப் பின்னால் நின்ற மனைவிக்கும் கேட்கும்படி.

"சுகந்தி, போனை அந்த வேர்ல சாய்ச்சு வை. எல்லாரும் தெரியற மாதிரி வை. நானும் இங்கயே இருக்கேன், வெக்க மாட்டேன். யாராவது கேட்டா போனைக் காட்டு. நம்ம வூட்டுக்கு விருந்தாளி வந்திருக்காரு, அவ்ளோதான். பாப்பா, அங்கிளுக்கு டப்பாவத் தேடச் சொல்லு. எடத்தச் சொல்லிக் குடுத்துடாத."

தேடினேன். கிளைச்சந்தில் இல்லை, வேருக்கடியில் இல்லை. யாழினி பாயில் உட்கார்ந்து தூரம், பக்கம், தூரம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். முதலில் ஒப்புக்குச் சொன்னாள். நான் இரண்டாம் முறையும் தப்பான பக்கம் போனதும் எழுந்து நின்றுவிட்டாள். "அய்ய, தூரம், தூரம்." கடைசியில் மதகுப் பக்கம் உடைந்து கிடந்த சிமென்ட் குழாய்க்குள் கைவிட்டு எடுத்தேன். கையோடு ஒரு கட்டெறும்பும் வந்தது. நான் உதறியதைப் பார்த்து வேரில் சாய்ந்திருந்த குமரேசன் சிரித்தார்.

அட்டையில் எழுதியிருந்தது: "இது பூமருது. இதோட பூ கசக்குன காயிதம் மாதிரி இருக்கும். ஆனா யாரும் கசக்கல. அது அப்படித்தான்."

"மஞ்ச மரம் பாத்தீங்களா?" என்று யாழினி கேட்டாள்.

சுகந்தி என்னைப் பார்த்தார். இன்னொரு தடவை எதையும் மாற்றிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

"அது இல்லம்மா. ரோடு போடறதுக்காக வெட்டிட்டாங்க."

"டப்பா?"

"அதுவும் இல்ல."

அவள் அழவில்லை. "அதுல என் பம்பரம் இருந்துச்சு" என்றாள். கொஞ்சம் கழித்து, "உங்க பொண்ணுக்கு என்ன வயசு?" என்று கேட்டாள்.

"பதினஞ்சு."

கையிலிருந்த பாசிமணி வளையைப் பார்த்தாள். "அப்ப சேராது." அதைப் பெட்டிக்குள் போட்டு மூடினாள். "வேற யாராச்சும் வருவாங்க."

சுகந்தி தூக்குப் பாத்திரங்களைத் திறந்தார். நாட்டுக்கோழிக் குழம்பு, வெங்காயத் துவையல், ரசம், அவித்த முட்டை. ஐந்து பேருக்குச் செய்திருந்தார். ஐந்து தட்டுகளில் மூன்றை எடுத்துவிட்டு மற்ற இரண்டையும் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். அங்கே குமரேசனும் பொட்டலத்தைப் பிரித்தார்.

"என்ன கொழம்பு?"

"நாட்டுக்கோழி."

"இங்க கோழி மாதிரி ஒண்ணு" என்று ஒரு துண்டைத் தூக்கிக் காட்டினார்.

ஈப்போவில் நல்ல சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஆனால் தட்டில் சோறு தீரும்போது இன்னொருவர் கவனித்துப் போடுவது என்பது வேறு. நான் குனிந்தே சாப்பிட்டேன். ஏரிக்கரை மேல் ஒரு மொபெட் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் காலை ஊன்றியபடி எங்களைப் பார்த்தார். சுகந்தி எழுந்திருக்காமல், இடக்கையால் கைப்பேசியை அவர் பக்கம் திருப்பினார்.

"என்ன மாப்ள, எங்க கெளம்பிட்ட?" என்றது கைப்பேசி.

"குமரேசனா? நீ எங்கடா இங்க?"

"சாப்ட்டுக்கிட்டு இருக்கோம். மலேசியாவுலேர்ந்து ஆளு வந்திருக்காரு. நீயும் வந்து ஒரு வாய் சாப்புடு."

"இல்ல இல்ல, தண்ணி பாய்ச்சணும்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். சுகந்தி கைப்பேசியைப் பழையபடி சாய்த்து வைத்தார். பிறகு என் தட்டைப் பார்த்து, "அண்ணே, ரசத்துக்குச் சோறு போடவா?" என்றார். வந்ததிலிருந்து அதுவரை என்னை சார் என்றுதான் சொல்லியிருந்தார்.

யாழினி முட்டையைக் கடித்தபடி ஏதோ யோசித்தாள். "நீங்க அப்பா ஊருக்குப் பக்கத்து ஊரா?"

"ஆமாம்மா."

"அப்ப அப்பாகூட அந்தப் பார்க்ல போயி விளையாடலாம்ல. ஏன் இவ்ளோ தூரம் வந்தீங்க?"

குமரேசன் தண்ணீர் குடித்தார்.

வெயில் இறங்கியது. சுகந்தி பாத்திரங்களைக் கழுவ மகளைக் கூட்டிக்கொண்டு அடிபம்புக்குப் போனார். போகும்போது கைப்பேசியை எடுத்துக்கொள்ளவில்லை. மரத்தடியில் நானும் வேரில் சாய்ந்திருந்த குமரேசனும் மட்டும் இருந்தோம். பம்பு கிரீச்சிடுவது கேட்டது.

"அண்ணே" என்றார் அவர். "ஒரு உதவி பண்ணுங்க. போனை எடுத்து மேல காட்டுங்களேன். இதுவரைக்கும் நீங்க மட்டுந்தான் தெரிஞ்சீங்க. பூத்து நான் பாத்ததில்ல. லீவு கெடைக்கறப்பல்லாம் இது பூக்கறதில்ல."

எடுத்து, கையை உயர்த்திக் காட்டினேன். மெதுவாக மரத்தைச் சுற்றி நடந்தேன், ஏரிப்பக்கக் கிளை, சாலைப்பக்கக் கிளை, உச்சி. காற்று அடித்தபோது சில இதழ்கள் திரைமேலும் என் முகத்திலும் விழுந்தன. ஊதினேன். தோள் வலிக்கத் தொடங்கியது. மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"தெரியுதுங்களா?"

"தெரியுது."

வளைவில் ஹாரன் கேட்டது. பெரம்பலூர் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் படியிலிருந்து எட்டிப் பார்த்து, வருகிறீர்களா என்று கையால் கேட்டார்.

"போதுங்களா?" என்றேன் கைப்பேசியிடம்.

"இன்னும் கொஞ்சம்ணே."

கண்டக்டரைப் பார்த்து, போங்க என்று தலையசைத்தேன்.